அரைப்புள்ளி

குன்றக்குடி தாண்டி இறங்கும்போதே
பன்னிரண்டரை ஆகிவிட்டது.
நடை சாத்துமுன் போய்விடலாம் என்று
ஆட்டோக்காரர் சொன்னதை நம்பியது என் தப்பு.
இனி நாலு மணிக்குத்தான் என்றார் காவலர்,
சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி.
முன்மண்டபத்தில் வேண்டுமானால் உட்காரலாம்.
அங்கே ஏற்கெனவே ஒரு நாய்,
தூணோடு தூணாக.

சாமியின் மதியத் தூக்கம்
எனக்குப் புதிதில்லை.

போன மாசியில்
எண்ணெய்க் குழாய் வெடித்து எங்கள் கப்பல்
இத்தாலியின் கிழக்குக் கரையில் ஒதுங்கியது.
உதிரிபாகம் வர ஒன்பது நாள்.
ஊரின் விளிம்பில், அலை வந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில்
எண்ணூறு வருஷத்துப் பேராலயம்.
உப்பு தின்ற வெள்ளைக் கல்.
வாசலில் இரண்டு சிங்கம், மூக்கு தேய்ந்து,
நம் யாளிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி.
அங்கும் மதியம் சாத்திவிடுவார்கள்.
கூட்டிக்கொண்டிருந்த பெண்
ஐந்து விரலைக் காட்டினாள்:
ஐந்தே நிமிஷம்.

கால் உள்ளே எழவில்லை.
செருப்பை எங்கே விடுவது?
ஸ்டாண்ட் இல்லை, டோக்கன் இல்லை, ஒதுக்குப்புறம்கூட இல்லை.
எஞ்சின் ரூம் கறை படிந்த பூட்ஸோடு
ஒரு சாமி வீட்டுக்குள் நுழைந்தது
அன்றுதான் முதல் தடவை.
தரை முழுக்கப் பொடிக்கல் பதித்து
ஒரு மரம், நிறைய மீன், வால் சுருண்ட ஏதோ ஒன்று.
மீனை மிதிக்காமல்
கோணல்மாணலாக நடந்தேன்.

படம் எடுத்து உமையாளுக்கு அனுப்பினேன்.
காரைக்குடி ஆஸ்பத்திரியில் அவள் அப்போது
மூன்றாவது ஊசிக்குக் காத்திருந்தாள்.
பதில் குரலாக வந்தது:
"கொடிமரத்தையே காணோம்.
பிரகாரம் எந்தப் பக்கமாச் சுத்தணும்?
ஆமா, செருப்ப எங்க விட்டீக?"

வாசலில்தான் என்று எழுதினேன்.
பதினாறு வருஷத்தில் அவளிடம் சொன்ன
எத்தனையாவது பொய் என்று தெரியாது,
சாமி விஷயத்தில் அதுதான் முதல்.

மெழுகுவத்தி அங்கே மின்சாரம்.
ஒரு யூரோ போட்டால் ஒரு பல்பு.
பையில் இருந்த சில்லறையெல்லாம் போட்டேன், ஏழு எரிந்தது.
ஒரு காசுக்கு எத்தனை நிமிஷம் என்று
எஞ்சினியர் புத்தி கடிகாரத்தைத் தேடியது.
அதற்குள் அந்தப் பெண் சாவியை ஆட்டினாள்.
எவ்வளவு நேரம் எரிந்ததோ.
நான் வெளியே வந்தபோது எரிந்துகொண்டிருந்தது,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மூன்றரைக்குக் கணக்கர் மொபெட்டில் வந்தார்.
புள்ளி வரி கட்ட வந்தேன் என்றேன்.
எங்கள் கல்யாணத்துக்கு மாலை
இந்தக் கோயிலிலிருந்துதான் வந்தது.
அன்றைக்கு ஏட்டில் எழுதினார்கள்: ஒரு புள்ளி.
இரண்டு பேர் சேர்ந்துதான் அந்த ஒன்று.

கணக்கர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"இனி அரைப்புள்ளிங்க அண்ணே. முறை அது.
பாதி கட்டினாப் போதும்."
முழுசாகவே கட்டுகிறேன் என்றேன்.
"ரசீது அடிக்காதுங்க,
சாஃப்ட்வேர் ஒத்துக்காது."
ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கி
மேஜை இழுப்பறையில் துழாவித் துழாவி
மீதியை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.

நாலு மணிக்கும் கல் ஆறவில்லை.
வெள்ளையடித்த பட்டையைப் பிடித்துக்கொண்டு
பாதி நடையும் பாதி ஓட்டமுமாய்ப் பிரகாரம் சுற்றினேன்,
வலப்பக்கமாக, உமையாள்,
எப்போதும் போல.
மண்டபத்து விதானத்தில்
கல்லில் இரண்டு மீன்.
பூம்புகாரிலிருந்து கடலுக்குப் பயந்து வந்தவர்கள் நாம்
என்று சொல்வார்கள்.
இங்கே மீன் தலைக்கு மேலே,
மிதித்துவிடும் பயமில்லை.
உண்டியலில் மீதியைப் போடப் போனேன்,
போடவில்லை.
பைக்குள் இருக்கட்டும்.

வெளியே வந்தால்
என் இடது செருப்பின்மேல் தாடையை வைத்து
அந்த நாய் தூங்குகிறது.
காரைக்குடி பஸ் ஐந்தேகாலுக்கு.
காவலர் கல்லெடுக்கக் குனிந்தார்,
வேண்டாம் என்றேன்.
பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.
பாதத்தில் சூடு
இறங்கிக்கொண்டிருந்தது.